சாக்ஸ் போட்ட நாற்காலிகள்

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுப் போனில் நான் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீங்கள் “என்ன? என்னம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, கடைசியில் “சரி, சரி” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கு ‘சரி’ பதிலாகாது. உங்கள் காதுக்குள் இருக்கும் விசிலோடு போன் போட்டி போட முடியாது என்று எனக்குத் தெரியும். காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் எழுதுகிறேன். கேள்வி இதுதான்: எப்போது வீட்டுக்கு வருவீர்கள்?

அத்தையின் சலவைக் கடையில் ஆள் போதவில்லை, கொஞ்ச நாள் உதவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆனால் நீங்கள் போய்ச் சேர்ந்த அன்றே அத்தை அம்மாவைக் கூப்பிட்டு, “ஏம்மா, தம்பி திடுதிப்புனு பெட்டியும் கையுமா வந்து நிக்கிறானே, உங்களுக்குள்ள எதாவது மனஸ்தாபமா?” என்று கேட்டுவிட்டாள். அடுத்த முறை பொய் சொல்வதாக இருந்தால் அத்தையிடமும் சொல்லிவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். சத்தம் தாங்காமல்தான். பேச்சுப் போட்டிக்காக நான் முன்னறையில் உரக்கப் பேசிப் பழகிக்கொண்டிருந்தபோது, நீங்கள் உள்ளேயிருந்து வந்து “நிறுத்து! போதும், நிறுத்து!” என்று கத்தினீர்கள். அதற்கு முன் நீங்கள் என்னைப் பார்த்துக் கத்தியதே இல்லை. நான் அழுதேன் என்று அம்மா சொல்லியிருந்தால் அது மிகை. கண் கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான். டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் டமார் டமார் என்று கேட்டுக் கேட்டு அலுத்த காது, இனிச் சத்தமே வேண்டாம் என்கிறது என்று நானே புரிந்துகொண்டேன்.

அன்றைக்கே நானும் அம்மாவும் உங்களுக்குத் தெரியாமல் ஒரு முடிவு எடுத்தோம். வீட்டில் இனிச் சத்தம் என்பதே இருக்கக்கூடாது. உங்களிடம் சொன்னால், எனக்காக ஏன் இவ்வளவு சிரமம் என்று வருத்தப்படுவீர்கள் என்பதால் சொல்லவில்லை. அம்மா தையல் இயந்திரத்தைக் கீழ்வீட்டு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். வெட்டுத் துணியில் நாற்காலிக் கால்களுக்குச் சாக்ஸ் தைத்துப் போட்டாள். பார்த்திருப்பீர்கள், பூப்போட்ட சாக்ஸோடு அவை நிற்பதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நான் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். (அதனால் இரண்டு முறை பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். காரணம் சொன்னபோது ஆசிரியை நம்பவில்லை.) சாப்பிடும்போதுகூட நானும் அம்மாவும் பேசாமல் சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டோம். ‘உப்பு.’ ‘இன்னும் கொஞ்சம்.’ ‘நாளைக்குக் கட்டுரை நோட்டு வாங்க வேண்டும்.’

நீங்கள் இருந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. இப்போது மின்விசிறியின் டக்டக்கையும் சரிசெய்தாயிற்று, குழாய் சொட்டுவதும் நின்றுவிட்டது, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டாயிற்று. அப்பா, நீங்கள் நம்ப மாட்டீர்கள், இந்த வீட்டில் இப்போது நம் மூச்சு நமக்கே கேட்கிறது. தைரியமாக வரலாம்.

அன்பு மகள்

பி.கு.: ‘ரேடியோ’ என்று கையெழுத்துப் போடவில்லை. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பொட்டலக் காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்க வாசிக்கிறேன் என்றுதானே அந்தப் பெயர் வைத்தீர்கள்? இப்போது எல்லாவற்றையும் மனதுக்குள்தான் வாசிக்கிறேன்.


ஜூலை 9

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் அதை அழுக்குத் துணி மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் உன் கடிதத்தை வெளுத்து, இஸ்திரி போட்டு, யார் வீட்டுக்காவது அனுப்பியிருப்பார்கள்.

இங்கே வேலை சுலபம். வரும் துணிக்கு அடையாளத் துண்டு கட்டுவது, போகும் துணியை மடிப்பது. ஜோடி தொலைத்த ஒற்றைச் சாக்ஸ்களைப் போடுவதற்கென்றே ஒரு கூடை இருக்கிறது. மற்றது எங்கே போகிறது என்று அத்தைக்கே தெரியாதாம். “கல்யாணமான உடனே ஒண்ணு பொறந்த வீட்டுக்குப் போயிடுதுடா” என்கிறாள். என்னைக் குத்துகிறாள் என்று நினைக்கிறேன்.

படுக்கக் கடைக்கு மேலே ஒரு அறை. கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்கச் சுற்றுகின்றன. பரவாயில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

அம்மா இன்னும் கீழ்வீட்டில்தான் தைக்கிறாளா? கோபம் கொஞ்சமாவது குறைந்ததா?

பேச்சுப் போட்டியில் நிதானமாகப் பேசு. நீ அவசரப்பட்டால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

அப்பா


ஜூலை 14

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை தேடினேன். என் கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒற்றைச் சாக்ஸைப் பற்றி ஐந்து வரி இருக்கிறது.

‘நன்றாகத் தூங்குகிறேன்’ என்ற வரியில்தான் எனக்குச் சிக்கல். நானும் அந்த அறையில் போன விடுமுறைக்குத் தங்கியிருக்கிறேன். கீழே இயந்திரம் பிழியத் தொடங்கினால் மேசைமேல் வைத்த டம்ளர் தானே நடக்கும். அத்தையோடு பேசவே தொண்டை கிழியும். அங்கே உங்களுக்கு நல்ல தூக்கம். கடிகாரம்கூட ஓடாத இந்த வீட்டில் நீங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்கள்.

அப்படியானால் சத்தம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்கள் சத்தம்தான் பிரச்சினை. சலவை இயந்திரம் பேசினால் தாலாட்டு, நான் பேசினால் இரைச்சல். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதக்கூடாது என்று அம்மா சொன்னாள். நான் எழுதிவிட்டேன்.

போட்டியிலிருந்து நான் விலகிக்கொண்டேன். வீட்டில் பழகாமல் மேடையில் எப்படிப் பேசுவது? என் இடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரி பேசினாள். தலைப்பு ‘காலந்தவறாமை’. அவள் வரத் தாமதமானதால் கடைசியாகப் பேசவிட்டார்கள்.

அம்மாவின் கோபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாசித்துக் காட்டினேன். “கோவமா? யாருக்கு யார் மேல கோவம்?” என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். நெடுநேரம் நூல் ஏறவேயில்லை.

உங்களுக்காக நாங்கள் எதைத்தான் செய்யவில்லை, அப்பா? கீழ்வீட்டு அக்கா சொன்னாரென்று காய்ச்சிய எண்ணெய் விட்டோம். ‘மூன்றே வாரத்தில் முழு அமைதி’ என்று விளம்பரம் போட்ட சொட்டு மருந்தைத் தபாலில் வரவழைத்தோம்; மூன்று வாரத்தில் பாட்டில்தான் முழுசாகக் காலியானது. காந்தம் வைத்த பட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தபோது, அம்மாவின் ஊசி டப்பா உங்களிடம் வருகிறதா என்று நீட்டிப் பார்த்து மூவரும் சிரித்தோம். அதுதான் நாம் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன். பிறகு காது டாக்டர், “இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்குங்க” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். செவித்திறன் பரிசோதனைக்காரரைப் பார்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நீங்கள் போகவில்லை. அத்தை வீட்டுக்குத்தான் போனீர்கள்.

மறுபடியும் கேட்கிறேன். எப்போது வருவீர்கள்?

மகள்


ஜூலை 22

என் கண்ணு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அத்தை குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, “என்னடா, புத்தகம் எழுதுறியா?” என்றாள். உன்னைப் போல எனக்கு எழுத வராது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

முதலில் அந்த விசிலைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கும் அம்மாவுக்கும் நான் சரியாகச் சொன்னதேயில்லை. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் சன்னமாக ஒரு சீறல் வருமே, இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று கை அடுப்பை நோக்கிப் போகுமே, அதுதான். விசில் வரவே வராது. அடுப்பை அணைக்கவும் முடியாது. வெளியே வேறு சத்தம் இருந்தால் அது பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுற்றிலும் அமைதியானால் முன்னால் வந்துவிடுகிறது. அறை முழுக்க அதுவும் நானும் மட்டும்.

இப்போது நீ எழுதியதை நினைத்துப் பார். உன்மேல் கத்தினேன். மறுநாளிலிருந்து வீடே மாறிவிட்டது. நீ வாசிப்பதை நிறுத்திவிட்டாய். அம்மா இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்காமல்தான் போகிறாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் நீங்கள் இருவரும் எனக்கு எதிரே உட்கார்ந்து சீட்டு மாற்றிக்கொள்வீர்கள். படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள். அதில் ‘உப்பு’ என்று எழுதியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நாற்காலிச் சாக்ஸைப் பார்த்தபோது அம்மா ஏதோ பொழுதுபோகாமல் செய்கிறாள் என்று நினைத்தேன். உன் முதல் கடிதத்தில் காரணத்தைப் படித்தபோது எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அதனால்தான் ஒற்றைச் சாக்ஸைப் பற்றி எழுதினேன்.

அன்று உன் பேச்சு சத்தமாக இருந்ததால் நான் கத்தவில்லை. அன்று காலையில்தான் டாக்டர் பழகிக்குங்க என்று சொன்னார். சாகும்வரை இது கூடவே இருக்குமா என்ற யோசனையில் உட்கார்ந்திருந்தேன். அந்த யோசனையைத்தான் நிறுத்தச் சொன்னேன். அது வாய்க்கு வந்தபோது நீ எதிரில் நின்றாய்.

காலந்தவறாமைக்கு உதாரணமாகக் கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். ‘புயலென்றாலும் மழையென்றாலும் அந்த விளக்கு சுழன்றுகொண்டேதான் இருக்கும். ஆனால்’ என்றாய். அங்கே நிறுத்தினேன். துணி மடிக்கும்போதெல்லாம் அந்த ‘ஆனால்’ ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் என்ன?

எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் சொல்லமாட்டேனா?

அப்பா


ஜூலை 27

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் என் குரல் கேட்டபோது எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது. சீட்டுப் பகுதி வந்ததும் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு அது சிரிப்பு இல்லை.

“இந்த மனுஷன் வாயத் தொறந்து, ஏன் பேச மாட்டேங்கறீங்கன்னு ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?” என்றாள்.

“நாம மட்டும் வாயத் தொறந்தோமாக்கும்?” என்றேன்.

“வாயாடாதே” என்றாள். உடனே, “இல்ல, வாயாடு. நல்லா வாயாடு” என்றாள்.

அன்று சாயங்காலமே தையல் இயந்திரத்தை மேலே கொண்டுவந்துவிட்டோம். கீழ்வீட்டு அக்காவுக்குத்தான் கோபம். “வேணும்னா கொண்டாறீங்க, வேணாம்னா தூக்கிட்டுப் போறீங்க. என் வீட்டுக்காரர் இப்பத்தான் அந்தச் சத்தத்துல மத்தியானம் கண்ணசரப் பழகினாரு. இனி அவருக்கு யாரு தைக்கிறது?” என்று கேட்டார். அம்மா அவருடைய பையனின் கால்சட்டைகளை இலவசமாக நீட்டித் தருவதாகச் சொல்லிச் சமாதானம் செய்தாள்.

அலமாரியில் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு, நீங்கள் இல்லாமலே நாங்கள் அந்தப் பரிசோதனைக்காரரிடம் போனோம். பெண்தான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மெத்தை போட்ட சுவர்கள் உள்ள சின்ன அறை இருந்தது. “காது யாருக்கு?” என்றார். “வரலை” என்றாள் அம்மா. “காது இல்லாம காது பாக்க வந்த முதல் ஆளு நீங்கதான்” என்று சொல்லிச் சிரித்தாலும், எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

பெரும் சத்தத்தில் பல வருஷம் வேலை செய்தால் காதின் உள்ளே இருக்கும் நுண்ணிய செல்கள் நசிந்துபோகுமாம். மெல்லிய, உச்சமான ஒலிகள்தான் முதலில் போகுமாம். போன ஒலியைத் தேடி மூளை தன் கவனத்தைக் கூட்டிக்கொண்டே போகும், அந்தத் தேடலே விசிலாகக் கேட்கிறது என்று இப்போது நினைக்கிறார்களாம். முழுக்கத் தெரியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாங்கள் வீட்டை அமைதியாக்கிய கதையைச் சொன்னோம். நாற்காலிச் சாக்ஸ் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அன்பாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அவருக்கு வேண்டியது அமைதி இல்ல. மெல்லிசா எதாவது ஓடிட்டே இருக்கணும். தொழிற்சாலை மாதிரி காதைப் பொளக்கற சத்தம் மறுபடி வேண்டவே வேண்டாம். வீட்டுல சாதாரணமா இருக்கற சத்தம் போதும்.”

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெள்ளைத் துணியில ஒரு சொட்டு மை விழுந்தா ஊரே பாக்கும். அதே மை பூப்போட்ட துணியில விழுந்தா, தைச்ச எனக்கே தேடினாத்தான் தெரியும். அது மாதிரியா?” என்று கேட்டாள்.

“அதேதான்” என்றார் அவர். அதை மற்றவர்களுக்கும் சொல்லலாமா என்று அம்மாவிடம் அனுமதி கேட்டார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடமும் சொன்னாள்.

நாங்கள் உங்களுக்கு வெள்ளைத் துணி விரித்துவிட்டோம், அப்பா. துவைத்துத் துவைத்து வெள்ளையாக்கினோம்.

இப்போது வீட்டில் கடிகாரம் ஓடுகிறது. மின்விசிறியில் டக்டக்கைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை, மன்னிக்கவும். ‘ஆனால்’ என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று எழுதமாட்டேன். அது பேச்சு, கட்டுரை இல்லை. நீங்கள் வந்தால் கேட்கலாம்.

அன்பு மகள்


ஆகஸ்ட் 3

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அத்தை தொல்லை தாங்காமல் இங்கேயும் ஒரு பரிசோதனைக்குப் போனேன். அந்த மெத்தைச் சுவர் அறையில் உட்காரவைத்தார்கள். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். “ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை” என்றான் பரிசோதனை செய்த பையன். எனக்குள்ளே கேட்பதையெல்லாம் அழுத்தியிருக்கிறேன். அவனுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

உச்ச ஒலிகள் நிறையப் போய்விட்டனவாம். காதில் ஒரு கருவி வைத்துப் பார்க்கலாம், பேச்சு தெளியும், விசிலும் சிலருக்கு அடங்கும் என்றார்கள். சிலருக்கு. தொழிற்சாலையிலும் விசாரித்தேன். மூடி அடிக்கும் பக்கம் இனி வேண்டாம், சரக்கு அனுப்பும் பிரிவில் போடுகிறோம் என்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எண்ணெய் விட்டபோதும் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். சொட்டு மருந்தின்போதும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் காலையில் நான் அறைக் கதவைத் திறந்தால் நீங்கள் இருவரும் என் முகத்தைப் பார்ப்பீர்கள். “இன்னைக்கு எப்படி?” பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி. நான் தினமும் தோற்றுக்கொண்டே இருந்தேன். நீங்கள் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டீர்கள். அம்மா மட்டும் திரும்பி அடுப்பைத் துடைப்பாள். அந்தத் துடைப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அத்தை துணியைத்தான் பார்க்கிறாள்.

ஒரு யோசனை. நான் இங்கேயே வேலையைப் பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்துபோகலாம். வரும் இரண்டு நாளும் நல்ல அப்பாவாக இருந்துவிட்டு வரலாம். அங்கேயே இருந்து, ஒரு கெட்ட நாளில் மறுபடி உன்னைப் பார்த்துக் கத்திவிட்டால்? அம்மாவிடம் கேட்டு எழுது.

அப்பா


ஆகஸ்ட் 7

அப்பாவுக்கு,

அம்மாவிடம் கேட்டேன். இயந்திரத்தை நிறுத்தாமலே, “மாசத்துக்கு ஒரு தடவ வந்துபோறதுக்கு அவர் என்ன மின்சாரக் கணக்கு எடுக்கறவரா?” என்றாள். அப்படியே எழுதச் சொன்னாள்.

இனி நான் சொல்வது. நூலகத்தில் காதைப் பற்றி இருந்த மூன்று புத்தகங்களையும் படித்துவிட்டேன். ஒன்றிலும் இந்த விசிலைத் துடைத்து எடுக்கும் வழி இல்லை. கடைசிப் புத்தகத்தை மூடியபோது எனக்கு அழுகை வந்தது. இந்த முறை மிகை இல்லை. நூலகர் அம்மா வந்து, “என்னம்மா, கதை சோகமா?” என்று கேட்டார். பாடப்புத்தகம் என்று சொன்னேன். “அப்ப நியாயம்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நான் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் இருந்தது. எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். எப்போது குணமாவீர்கள் என்று நான் ஒரு தடவையும் கேட்கவில்லை. வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள்.

நீங்கள் விசிலோடு வாருங்கள். அது உங்களோடுதான் இருக்கும் என்றால் அதற்கும் இந்த வீட்டில் இடம் உண்டு. காலையில் யாரும் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டோம். நான் ஏற்கெனவே பழகிக்கொண்டிருக்கிறேன். காலையில் அம்மா வரும்போது செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொள்கிறேன். “என்னடி புதுசா?” என்கிறாள். எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நீங்களே சொல்லுங்கள். தோன்றாவிட்டால் வானிலை அறிக்கையைச் சொல்கிறேன்.

கத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போன முறை நீங்கள் கத்தியதில் தப்பு நடந்தது எங்கே தெரியுமா? நான் நிறுத்தியதில்கூட இல்லை. மறுபடி ஆரம்பிக்காமல் விட்டதில். இனி நீங்கள் கையைத் தாழ்த்திக் காட்டினால் நான் சத்தத்தைக் குறைப்பேன். ‘நிறுத்து’ என்றால் நிறுத்துவேன். கொஞ்ச நேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். அவ்வளவுதான், அப்பா. இதற்குப் பெட்டி கட்ட வேண்டாம்.

மாதத்துக்கு இரண்டு நாள் நல்ல அப்பா எங்களுக்கு வேண்டாம். நிரந்தரமாகச் சுமாரான அப்பா போதும்.

இது என் கடைசிக் கடிதம். கோபத்தில் சொல்லவில்லை. இனிப் பேசத்தான் ஆசையாக இருக்கிறது.

ரேடியோ


ஆகஸ்ட் 12

ரேடியோவுக்கு,

உன் கடிதத்தைத் துணி மடிக்கும் மேசையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்துப் பார்த்தால் யாரோ ஒருவருடைய சட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்து வைத்திருக்கிறேன். அத்தை வந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, “போ, போய் உன் பெட்டியை மடி” என்றாள்.

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன்.

விசில் அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. காதுக் கருவி வர இன்னும் சில வாரம் ஆகும். வந்தாலும் என்ன ஆகுமோ. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் நான் வரும்போது தைத்துக்கொண்டே இருக்கச் சொல். எழுந்து வாசலுக்கு ஓடிவர வேண்டாம். படியேறும்போதே அந்தச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். நாற்காலிச் சாக்ஸைக் கழற்ற வேண்டாம். நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவேயில்லை. வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூடையிலிருந்த ஒற்றைச் சாக்ஸ்களையெல்லாம் அத்தை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மேசைக்காலுக்கு ஆகுமாம்.

நீ கதவைத் திற. எப்படி இருக்கிறது என்று கேட்காதே. வானிலையும் வேண்டாம். உன் பேச்சில் ச, ஸ மாதிரி எழுத்துகள் எனக்குச் சரியாக விழாது. பரவாயில்லை, விழாததை நானே போட்டுக்கொள்கிறேன். பெட்டியைக் கீழே வைக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

‘ஆனால்’ என்று ஆரம்பி.

அப்பா